தமிழ் சப்ஜெக்டில் கறுப்பு டைமண்ட் ஏன் வருகிறது? மெயில் ஹெட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கலாம்

வணக்கம் மக்களே. இன்றைய வீடியோவில் என் முகத்தைவிட ஸ்கிரீனைத்தான் அதிகம் பார்க்கப் போகிறீர்கள். மொபைலில் பார்ப்பவர்கள் போனைப் படுக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள், எழுத்து கொஞ்சம் சின்னது.

ஜிமெயிலில் ஏதாவது ஒரு தமிழ் மெயிலைத் திறக்கிறேன். வலது பக்கம் மூன்று புள்ளி, அதில் ‘ஷோ ஒரிஜினல்’. இதோ வந்துவிட்டது. மேலே ஹெட்டர் வரிகள், அதாவது யார் அனுப்பியது, யாருக்கு, சப்ஜெக்ட் என்ன என்று சொல்பவை, அப்புறம் ஒரு வெற்று வரி, அதற்குக் கீழே பாடி. அந்த வெற்று வரிதான் எல்லைக்கோடு. அதற்கு மேலே இருக்கும் பகுதி மட்டும்தான் இன்றைய விஷயம்.

என் வங்கியிலிருந்து வரும் மெயில்களில் சப்ஜெக்ட் பாதி தமிழாக, பாதி கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறியாக வரும். உங்களுக்கும் வந்திருக்கும். ஃபான்ட் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவோம். ஃபான்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அனுப்பிய பக்கத்தில் யாரோ ஹெட்டரை எழுதும் கோடில் ஒரு எழுத்தைக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். எங்கே வெட்டினார்கள் என்று பைட் கணக்கோடு காட்டுகிறேன், பைட் என்றால் கணினி எழுத்தைச் சேமிக்கும் சின்ன அலகு. அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை.

ஹெட்டரின் இலக்கணம் ரொம்பப் பழையது. இணையத்தின் விதிகளை எழுதிவைக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1977 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 733, 1982இல் 822, 2001இல் 2822, 2008இல் 5322. இப்போது நடப்பில் இருப்பது அந்தக் கடைசி ஒன்று. பெயர், உடனே கோலன், அப்புறம் மதிப்பு. பெயரில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் கிடையாது. ஒரு வரி 998 எழுத்துக்கு மேல் போகவே கூடாது, 78க்குள் இருந்தால் நல்லது. 78க்கு மேல் போனால் என்ன செய்வது? வரியை மடிக்கலாம். அடுத்த வரி ஸ்பேஸோடு அல்லது டேபோடு தொடங்கினால் அது புது ஹெட்டர் இல்லை, முந்தையதன் தொடர்ச்சி.

இதில்தான் முதல் சறுக்கல். மடிப்பை விரிக்கும்போது எதை நீக்க வேண்டும்? வரி முறிவை மட்டும். அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்பேஸ் மதிப்பின் ஒரு பகுதி, அது அப்படியே இருக்க வேண்டும். நிறைய பேர் ஒவ்வொரு வரியையும் டிரிம் செய்துவிட்டு ஒட்டுகிறார்கள், இரண்டு வார்த்தைகள் ஒன்றாகிவிடுகின்றன. ‘மீட்டிங் நாளை’ என்பது ‘மீட்டிங்நாளை’ ஆகிவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு முறை டேட்டாபேஸுக்குள் அப்படிப் போய்விட்டால் பிறகு எங்கே ஸ்பேஸ் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த சறுக்கல், ஹெட்டரை டிக்ஷனரியில், அதாவது ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு மட்டும் வைக்கும் அமைப்பில் போடுவது. பெயர்தான் கீ, மதிப்புதான் வேல்யூ, பார்த்தால் அதற்காகவே செய்ததுபோல இருக்கும். ஆனால் இங்கே பாருங்கள், ‘ரிசீவ்ட்’ என்ற ஹெட்டர் இந்த மெயிலில் மட்டும் நான்கு தடவை இருக்கிறது. மெயில் தொட்டுப் போகும் ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்கு ஒரு ரிசீவ்டை மேலே சேர்க்கும், தபால் உறையில் ஒவ்வொரு ஆபீஸும் முத்திரை குத்துவதுபோல. ஆகவே கீழிருந்து மேலாகப் படித்தால்தான் பயணம் புரியும். டிக்ஷனரியில் போட்டால் நான்கில் மூன்று காணாமல் போய்விடும், வரிசையும் போய்விடும். பைத்தானில் சதுர அடைப்புக்குறி போட்டு ரிசீவ்டைக் கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும். ‘கெட் ஆல்’ என்று கேட்க வேண்டும். பார்சர், அதாவது மெயிலைப் பிரித்துப் படிக்கும் கோட் எழுதுகிறவர் ஹெட்டரை வரிசை மாறாத ஒரு பட்டியலாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது டைமண்டுக்கு வருவோம்.

ஹெட்டர் இலக்கணம் எழுதப்பட்ட காலத்தில் ஆங்கில எழுத்துகளும் ஆஸ்கி குறிகளும் மட்டும்தான் கணக்கு. மற்ற மொழிகளுக்கு 1992இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், 1996இல் அது ஆர்எஃப்சி 2047 ஆனது. எழுதியவர் கீத் மூர். அந்த வழிக்குப் பெயர் என்கோடட் வேர்ட். ஸ்கிரீனில் இந்த சப்ஜெக்டைப் பாருங்கள். சமக்குறி, கேள்விக்குறி, யூடிஎஃப்-8, கேள்விக்குறி, பி, கேள்விக்குறி, அப்புறம் புரியாத ஒரு எழுத்துக் கூட்டம், கடைசியில் கேள்விக்குறி, சமக்குறி. யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை. பி என்றால் பேஸ்64, அந்தப் பைட்டுகளைச் சாதாரண ஆஸ்கி எழுத்தாக்கும் முறை. அந்த இடத்தில் கியூ இருந்தால் ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு ஹெக்ஸ் எழுத்துமாக வரும்.

அந்தக் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். 4கே6, ஏதோ ஒன்று, 4கே6, வேறு ஏதோ ஒன்று, நடுவில் 4கே பிளஸ். தமிழ் சப்ஜெக்ட் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். காரணம் எளிது. யூனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், அதாவது யூனிகோட் தனி எண் கொடுத்திருக்கும் ஒவ்வொரு கோட் பாயிண்டும், யூடிஎஃப்-8இல் சரியாக மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஹெக்ஸில் இ0, இரண்டாவது ஏஇ அல்லது ஏஎஃப். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். ஆகவே ஒரு தமிழ் எழுத்துக்கு நான்கு எழுத்து, அதில் முதல் மூன்று அநேகமாக மாறாது. வணக்கத்தின் ‘வ’ 4கே61 என்று வரும். டிகோட் செய்யாமலே ‘இது தமிழ்’ என்று கண்ணால் சொல்லிவிடலாம். முதல் ஸ்பேஸ் வந்ததும் இந்த அழகு கலைந்துவிடும், ஏனென்றால் ஸ்பேஸ் ஒரே ஒரு பைட், மூன்றின் கணக்கு ஒரு படி நகர்ந்துவிடும். மூன்றாவது ஸ்பேஸ் தாண்டினால் மறுபடி 4கே6 வந்து நிற்கும். வேலைக்கு உதவுமா என்றால் அவ்வளவாக இல்லை. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. ஒரு என்கோடட் வேர்ட் மொத்தம் 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. முன்னால் வரும் சமக்குறி, கேள்விக்குறி, யூடிஎஃப்-8 எல்லாம் சேர்த்து 10, பின்னால் 2. மீதி 63. பேஸ்64 நான்கு நான்காகத்தான் வரும், ஆகவே 60. அறுபது எழுத்துக்குள் 45 பைட், அதாவது 15 தமிழ் கோட் பாயிண்ட். ‘கு’ என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, இங்கே இரண்டு. புள்ளி வைத்த ‘ம்’மும் இரண்டு. ஆகவே பதினைந்து என்பது மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று வார்த்தை.

கியூ முறையில் போனால் இன்னும் மோசம், ஒரு தமிழ் கோட் பாயிண்டுக்கு ஒன்பது எழுத்து. 63ஐ ஒன்பதால் வகுத்தால் ஏழு. ‘வணக்கம்’ எத்தனை கோட் பாயிண்ட்? வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. ஏழு. ஒரு வணக்கம் போட்டாலே 75 எழுத்தும் சரியாக நிரம்பிவிடும்! தமிழுக்கு பேஸ்64தான் லாபம்.

‘உங்கள் கணக்கு விவரம்’ என்று ஒரு சப்ஜெக்ட். டைப் செய்கிறேன். உங்கள், ஆறு கோட் பாயிண்ட், 18 பைட். ஒரு ஸ்பேஸ், 19. கணக்கு, இன்னொரு 18, மொத்தம் 37. ஸ்பேஸ், 38. அப்புறம் விவரம். அதில் ‘வ’ 41ஆவது பைட்டில் முடிகிறது, மேல் விலங்கு 44இல் முடிகிறது. அடுத்த ‘வ’ 45, 46, 47.

அனுப்பும் கோட் எழுதிய நம் ஆள் என்ன செய்கிறார்? மொத்தம் 56 பைட் இருக்கிறது, ஒரு வேர்டில் 45தான் போகும், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு 45ஆவது பைட்டில் வெட்டுகிறார். இரண்டாவது ‘வ’வின் முதல் பைட் இந்தப் பக்கம், மற்ற இரண்டு பைட் அந்தப் பக்கம். படிக்கும் மென்பொருள் ஒவ்வொரு வேர்டையும் தனியாக டிகோட் செய்தால் இந்தப் பக்கம் ‘உங்கள் கணக்கு வி’, அதன் வாலில் ஒரு டைமண்ட், அந்தப் பக்கம் இன்னும் டைமண்ட், அப்புறம் ‘ரம்’. வங்கி மெயிலில் நாம் பார்க்கிறது இதுதான். சரியாகச் செய்வதென்றால் 44இல் நிறுத்திவிட்டு முழு ‘வ’வையும் அடுத்த வேர்டுக்குத் தள்ள வேண்டும். விதியும் அதைத்தான் சொல்கிறது: ஒவ்வொரு என்கோடட் வேர்டும் முழு எழுத்துகளோடு நிற்க வேண்டும், ஒரு எழுத்து இரண்டு வேர்டில் பாதி பாதியாக வரக் கூடாது.

ஆங்கிலத்தில் இது ஒரு நாளும் தெரியாது, அங்கே ஒரு எழுத்து ஒரு பைட். அதனால்தான் இந்த மாதிரி கோட் டெஸ்டிங்கில் எல்லாம் பச்சையாகப் பாஸாகி நம் இன்பாக்ஸில் வந்து உடைகிறது.

படிக்கும் பக்கம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வேர்டும் ஒரே கேரக்டர் செட், ஒரே முறை என்றால், முதலில் பைட்டுகளை ஒட்டுங்கள், அப்புறம் எழுத்தாக்குங்கள். அனுப்பியவர் குறுக்கே வெட்டியிருந்தாலும் ‘விவரம்’ முழுதாக வந்துவிடும்.

இன்னொரு விதி, இதுவும் நிறைய பேரைக் கவிழ்ப்பது. இரண்டு என்கோடட் வேர்டுக்கு நடுவில் இருக்கும் ஸ்பேஸும் வரி முறிவும் படிக்கும்போது கணக்கில் வராது. நீண்ட சப்ஜெக்டை வெட்டி ஒட்ட வசதியாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்கள். ஆகவே இரண்டு தமிழ் வார்த்தையைத் தனித்தனி வேர்டாக்கி நடுவில் வெறும் ஸ்பேஸ் விட்டால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் வரும். உண்மையான ஸ்பேஸ் வேண்டும் என்றால் அதை வேர்டுக்கு உள்ளே வைத்து என்கோட் செய்ய வேண்டும். ஆனால் ஒரு பக்கம் சாதாரண ஆங்கில வார்த்தை, மறு பக்கம் என்கோடட் வேர்ட் என்றால் நடுவில் உள்ள ஸ்பேஸ் நிஜமான ஸ்பேஸ். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

சப்ஜெக்ட் இவ்வளவுதான். ஃப்ரம், டூ, சிசி இவை வேறு ஜாதி, இவற்றுக்கு உள்ளே ஒரு இலக்கணம் இருக்கிறது. கமா வைத்தால் அடுத்த முகவரி, கோண அடைப்புக்குள் நிஜ முகவரி, அதற்கு முன்னால் இருப்பது காட்டும் பெயர்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு தனித் தலைவலி. இனிஷியல்! ஆங்கில எழுத்தில் எஸ், புள்ளி, ஸ்பேஸ், முருகன் என்று ஃப்ரமில் மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், கறாராகச் சொன்னால் அது பிழை. பெயரில் வெறும் புள்ளி வரக் கூடாது, வருவதானால் இரட்டை மேற்கோளுக்குள் வர வேண்டும். உலகம் முழுக்க எல்லாரும் மீறியதால் பிற்பாடு விதியை இப்படித் தளர்த்தினார்கள்: படிக்கும்போது ஏற்றுக்கொள், எழுதும்போது நீ அப்படி எழுதாதே. பெயரைத் தமிழிலேயே எழுதினால் புள்ளி பேஸ்64க்குள் ஒளிந்துகொள்ளும், பிரச்சினை இல்லை. ஆனால் என்கோடட் வேர்டைத் தூக்கி மேற்கோளுக்குள் வைத்துவிடாதீர்கள், அங்கே அதற்கு மதிப்பு இல்லை. விதிப்படி நடக்கும் மென்பொருள் அந்த 4கே6 கூட்டத்தை அப்படியே காட்டும்.

கமா இன்னும் ஆபத்து. சில அலுவலகங்களில் முருகன், கமா, எஸ் என்று பெயரைத் திருப்பிப் போடுவார்கள். அது மேற்கோளுக்குள் இருக்கும். நீங்கள் டூ ஹெட்டரைக் கமாவில் ஸ்ப்ளிட் செய்தீர்கள் என்றால் ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

இப்போது நான் இந்த வீடியோ போட்டதற்கே காரணமான விஷயம். எந்த வரிசையில் செய்வது? பலர் மெயில் வந்ததும் முதல் வேலையாக எல்லா ஹெட்டரையும் டிகோட் செய்துவிட்டு, அப்புறம் முகவரி பிரிக்கிறார்கள். தலைகீழ். முதலில் மடிப்பை விரிக்க வேண்டும், இரண்டாவது இலக்கணப்படி பிரிக்க வேண்டும், டிகோட் கடைசியில்.

ஏன் என்று பாருங்கள். காட்டும் பெயர் இருக்கும் இடத்தில் ஒருவன் ஒரு என்கோடட் வேர்ட் அனுப்புகிறான். உள்ளே இருப்பது வெறும் பெயர் இல்லை. உங்கள் முதலாளியின் பெயர், கோண அடைப்புக்குள் முதலாளியின் முகவரி, ஒரு கமா. பிரித்துவிட்டு டிகோட் செய்தால் இது முழுவதும் ஒரு விசித்திரமான பெயர், அவ்வளவுதான். நிஜ முகவரி அவனுடையது என்று தெரியும். டிகோட் செய்துவிட்டுப் பிரித்தால்? அந்த அடைப்பும் கமாவும் உயிர் பெற்று எழுந்துவிடும். ஃப்ரமில் இரண்டு பேர், முதல் ஆள் முதலாளி. உங்கள் ஸ்கிரீனில் முதலாளி அனுப்பிய மெயில்.

2017 டிசம்பரில் மெயில்ஸ்பிளாய்ட் என்று அனுப்புநரைப் போலியாகக் காட்டும் ஒரு வித்தை வெளியானது, சாப்ரி ஹாதூஷ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டது. அதிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். முகவரியில் அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் என்கோடட் வேர்டை வைத்தார். அதற்குள் வேறு ஒருவரின் முழு முகவரி, அதன் வாலில் நல் பைட், அதாவது மதிப்பு பூஜ்யமான பைட், அல்லது வரி முறிவு. டிகோட் செய்த மெயில் செயலி நல் பைட் வந்ததும் நின்றுவிட்டது. மீதி, அதாவது உண்மையான டொமைன், கண்ணுக்கே தெரியவில்லை. சர்வர் பக்கம் டிமார்க், அதாவது அனுப்பிய டொமைன் நிஜமா என்று பார்க்கும் சோதனை, உண்மையான டொமைனைப் பார்த்து ‘சரி’ என்று விட்டுவிட்டது, அது தப்பும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட மெயில் செயலிகள் மாட்டின. இத்தனைக்கும் முகவரிக்கு உள்ளே என்கோடட் வேர்ட் வரவே கூடாது என்று ஆர்எஃப்சி 2047இல் தெளிவாக இருக்கிறது. பிரித்து, பெயர்ப் பகுதியை மட்டும் டிகோட் செய்திருந்தால் இந்த வித்தை பலித்திருக்காது. டிகோட் செய்த பிறகும் கன்ட்ரோல் எழுத்துகளைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்கிரீனில் காட்ட வேண்டும்.

எழுதும் பக்கத்துக்கு வருவோம். இங்கே முக்கியமானது ஒன்றுதான்: யூசர் கொடுக்கும் எழுத்தில் வரி முறிவு இருந்தால் ஹெட்டருக்குள் விடாதீர்கள். வெப்சைட்டில் ‘எங்களைத் தொடர்புகொள்ள’ படிவம் இருக்கும். சப்ஜெக்ட் பெட்டியில் ஒருவன் ஒரு வரி முறிவு, அப்புறம் பிசிசி, கோலன், ஆயிரம் முகவரி என்று அனுப்பினால், சும்மா ஸ்ட்ரிங்கை ஒட்டும் கோட் அதைப் புது ஹெட்டராகவே எழுதிவிடும். உங்கள் சர்வர் அவனுக்கு இலவசமாக ஸ்பாம் அனுப்பும். பைத்தானில் புது ‘ஈமெயில் மெசேஜ்’ கிளாஸில் சப்ஜெக்டுக்கு வரி முறிவோடு மதிப்பு கொடுத்துப் பார்க்கிறேன்... இதோ, ‘வேல்யூ எரர்’. நல்லது. அதே கிளாஸில் தமிழ் சப்ஜெக்டைக் கொடுத்தால் என்கோட் செய்து, வெட்டி, மடித்து எல்லாம் அதுவே தருகிறது. கையால் எழுதவே எழுதாதீர்கள்.

பைத்தானில் ஒரு பழைய பாக்கி மட்டும் உண்டு. பைட்டிலிருந்து மெயிலைப் படிக்கும்போது பாலிசி எதுவும் சொல்லாவிட்டால் ‘காம்பாட்32’ என்ற பழைய நடத்தைதான் வரும், சப்ஜெக்டைக் கேட்டால் 4கே6 கூட்டத்தையே கொடுக்கும். ‘பாலிசி டிஃபால்ட்’ என்று சொல்லிக் கேளுங்கள். பெயர் டிஃபால்ட், ஆனால் அது டிஃபால்ட் இல்லை! யார் பெயர் வைத்தார்களோ.

வந்த மெயிலை அப்படியே இன்னொரு இடத்துக்கு அனுப்பும் மென்பொருள் எழுதுகிறீர்களா? அப்படியானால் ஹெட்டரைத் தொடாதீர்கள். டிகிம், அதாவது மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து, ஹெட்டர் வரிகளின் மீதும் போடப்படுகிறது. அதில் ‘சிம்பிள்’ முறை என்றால் மடிப்பு ஒரு இடம் மாறினாலே கையெழுத்து செல்லாது. ‘ரிலாக்ஸ்டு’ முறை மடிப்பையும் கூடுதல் ஸ்பேஸையும் ஹெட்டர் பெயரில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து மாறுவதையும் மன்னிக்கும், வேறு எதையும் மன்னிக்காது. பைத்தான் பாலிசி நீண்ட வரிகளைத் தானே திரும்ப மடிக்கும். அதை நிறுத்த ‘ரீஃபோல்ட் சோர்ஸ்’ என்பதை ‘நன்’ ஆக்க வேண்டும்.

கடைசியாக டேட் ஹெட்டர். 2025 பொங்கல் அன்று காலை பத்தரைக்கு சென்னையிலிருந்து போன மெயில் என்றால் செவ்வாய்க்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம், கமா, 14, ஜனவரிக்கு மூன்றெழுத்து, 2025, 10:30:00, பிளஸ் 0530. கிழமையும் மாதமும் எப்போதும் ஆங்கிலச் சுருக்கம்தான். சர்வரின் லொக்கேலை, அதாவது மொழி அமைப்பை, தமிழாக்கிவிட்டு சாதாரண தேதி ஃபங்ஷனை அழைத்தால் ஹெட்டரில் ‘செவ்வாய்’ என்று வந்து நிற்கும், எதிர்ப்பக்கத்துப் பார்சர் திருதிருவென்று விழிக்கும். மெயிலுக்கென்று இருக்கும் ஃபங்ஷனை அழையுங்கள், அது லொக்கேலைப் பார்ப்பதில்லை. ஐஎஸ்டி என்று எழுதுவதும் வேண்டாம். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் அதே மூன்றெழுத்தைத்தான் சொல்லிக்கொள்கின்றன.

அந்த 0530ஐ எண்ணாக மாற்றி நூறால் வகுக்கும் கோடும் உலவுகிறது. 5.3 மணி நேரம். அதாவது ஐந்து மணி பதினெட்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடம் போச்சு! அமெரிக்காவின் மைனஸ் 0600இல் சோதித்தால் எல்லாம் சரியாக வரும். நம் பக்கமும் இலங்கையிலும் ஒவ்வொரு மெயிலும் பன்னிரண்டு நிமிடம் தள்ளி நிற்கும். நேபாளத்தில் பிளஸ் 0545, அங்கே போனால் பதினெட்டு நிமிடம். முதல் இரண்டு இலக்கம் மணி, அடுத்த இரண்டு நிமிடம், தனித்தனியாகப் பிரித்தால் போதும்.

நான் டைப் செய்த அந்த ‘உங்கள் கணக்கு விவரம்’ கோடைக் கீழே போட்டிருக்கிறேன். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் மெயில் அனுப்பும் சிஸ்டம் இருந்தால், அதே சப்ஜெக்டை ஒரு முறை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள், 45ஆவது பைட் எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த வீடியோவில் அட்டாச்மென்ட் பெயர்கள், அதில் இதைவிடக் கூத்து. வரட்டுமா.